வாசலில் ஏழு பஞ்சுக் குவியல்கள்

பாலக்கோட்டில் எங்கள் எதிர்வீட்டு அஸ்கரி பேகம் பழைய மெத்தைகளைப் பிரித்து, பஞ்சை வாசலில் காயவைத்து, அடித்துத் திரும்பத் தைத்துக் கொடுப்பவர். 1968 கோடையில், வாசலில் கிடக்கும் அழுக்குக் குவியல்களை மூன்று நாளில் அகற்றச் சொல்லி பஞ்சாயத்து நோட்டீஸ் வந்தது. அவருக்கு வெயில் விழும் இடம் அந்த வாசல் ஒன்றுதான். அது போனால் தொழிலும் போய்விடும்.

மூன்றாம் நாள் சுகாதார ஆய்வாளர் பச்சியப்பன் வந்து ஏழு குவியல்களையும் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாத்தையும் வாரி ஒரே மூலையில குமிச்சா என்ன?"

"கலக்கக் கூடாதுங்க சார். அவங்கவங்க பஞ்சு அவங்கவங்க வூட்டுக்கே போவணும். அடுத்தவங்க படுத்த பஞ்சுல நீங்க படுப்பீங்களா?"

"நான் எதுக்கும்மா அதுல படுக்கறேன்?"

"அந்த மூணாவது குவியல் உங்க வூட்டுதுங்க. வூட்டம்மாதான் திங்கக்கிழமை அனுப்புனாங்க."

பச்சியப்பன் குனிந்து அந்தக் குவியலைத் தொட்டுப் பார்த்தார்.

"சரி, தெருவுக்குத் தெரியாம மறைப்பு கட்டுங்க. ஒரு வாரம் தரேன்."

அஸ்கரி பேகம் கிழிந்த மெத்தை உறைகளை ஒன்றாகத் தைத்து, மூங்கிலில் கட்டி வாசலை மறைத்தார். அடுத்த வாரம் ஆய்வாளர் வந்து, நோட்டீஸைக் கேட்டு வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"எங்க மெத்தை எப்பம்மா ஆவும்?"

"இன்னும் ரெண்டு வெயில் பாக்கணுங்க சார்."