மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் ஒரு கேள்வி

லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டால் மெக்கானிக் செய்யவேண்டிய முதல் வேலை பேசுவது. ஸ்பேனர் அப்புறம். புதிதாகச் சேருகிறவர்களிடம் எங்கள் சூப்பர்வைசர் சொல்வார்: "உள்ள இருக்கறவங்கள பேச வச்சுக்கிட்டே இரு. ஊரு, வேலை, புள்ளைங்க, எது வேணா கேளு. சாமி பேச்சு மட்டும் வேணாம்." கடைசி வரியைச் சொல்லும்போது என்னைப் பார்ப்பார்.

காரணம் உண்டு. நான் பெங்களூர் மர்பி டவுன்காரன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். நம்பிக்கையை நாலு பேருக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்ற ஆசை உண்டு. சொல்லத் தெரியாது, அது ஒன்றுதான் குறை. ஒருமுறை என்னோடு ஜோடியாக வேலை பார்க்கும், ஊர் வழக்கப்படி என்னை 'குரு' என்று கூப்பிடும் மஞ்சுநாத், "உங்க சாமி மூணு பேரா, ஒருத்தரா?" என்று சும்மா கேட்டான். நான் டீயை ஆறவிட்டு, த்ரீ ஃபேஸ் சப்ளையை வைத்து விளக்கினேன். ரெட், யெல்லோ, ப்ளூ, மூணு வயர், ஒரே கரண்ட். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி குரு, நாலாவது வயரு நியூட்ரல் யாரு?" என்றான். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

சில வருஷம் முன்பு, ஒரு மழைச் சாயங்காலம். விவேக் நகர் பக்கம் பழைய அபார்ட்மெண்ட் ஒன்றில் டிரைவ் போர்டு அடிபட்டு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண், தனியாக. மெயினை ஆஃப் செய்து பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். இனி பிரேக்கை லீவரால் விடுவித்து, கேபினைக் கையால் மெல்ல இறக்க வேண்டும். அந்த லீவர் மெஷின் ரூமில் ஆணியில் தொங்க வேண்டும். ஆணி மட்டும் இருந்தது. பக்கத்து சைட்டிலிருந்து எடுத்துவர மஞ்சு பைக்கில் ஓடினான்.

நான் மூன்றாவது மாடிக் கதவைத் திறந்தேன். கேபினின் தரை என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அந்தப் பெண் உள்கதவைக் கையாலேயே விலக்கிவிட்டு, ஒரு காலை வெளியே தொங்கவிட்டிருந்தார். எங்கள் தொழிலில் எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். கேபினுக்கு அடியில் வெறும் குழி. குதிக்கிறவர் உடம்பு கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் போதும், நேரே கீழே.

என் கை தானாகச் சிலுவை போட்டது. டார்ச் வெளிச்சத்தில் அவர் பார்த்துவிட்டார்.

"ஐயோ, ஏண்ணா சிலுவை போடறீங்க? கயிறு அறுந்துருமா?"

ஆறுதல் சொல்லப் போனவனின் சாதனை.

"அறுந்துபோகாது மேடம். கால உள்ள எடுங்க. அடியில குழி இருக்கு."

"முடியாதுண்ணா, இருட்டு, மூச்சு முட்டுது. ஃபோனும் செத்துப்போச்சு. குதிக்கிறேன், புடிச்சுக்குங்க."

"வேணாம்! கயிறெல்லாம் ஸ்ட்ராங்கா இருக்கு."

"அப்ப எதுக்குச் சிலுவை?"

"நாங்க பயந்தா போடுவோம்."

"நீங்களே பயந்தா நான் என்ன பண்றது? உங்க சாமி வந்து லிஃப்ட்ட இறக்குவாரா?"

மீட்பு, கிருபை என்று சேர்த்து வைத்திருந்த பிரசங்கம் முழுக்கத் தொண்டைவரை வந்தது. தொங்கிக்கொண்டிருந்த காலைப் பார்த்தேன். வந்த வழியே திரும்பிப் போனது.

"இறக்க மாட்டாரு மேடம், அதுக்கு மஞ்சு வரணும். எங்க சாமி மேல உக்காந்துக்கிட்டு 'ஒழுங்கா இரு'ன்னு சத்தம் போடல. நாம மாட்டிக்கிட்ட எடத்துக்கே மனுஷனா இறங்கி வந்தாரு. பயந்தாரு, அழுதாரு, எல்லாம் பட்டாரு. அதனால நான் தனியா இல்லன்னு ஒரு தைரியம். அவ்ளோதான்."

அவர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப நீங்க ஏன் வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க."

மஞ்சுவின் நியூட்ரல் கேள்வியே பரவாயில்லை என்று தோன்றியது.

அந்தச் சந்து வழியாக ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. நாலாவது மாடியிலிருந்து கேபினின் கூரைமேல் ஏறலாம். ஆனால் அதற்கு முன் இந்தக் கதவை மூட வேண்டும்.

"வர்றேன் மேடம். உங்க தலைக்கு மேல வருவேன். இத மூடிட்டுத்தான் போகணும். கொஞ்சநேரம் சுத்தமா இருட்டா இருக்கும். மூலையில உக்காந்துக்கோங்க."

"வராம போயிட்டீங்கன்னா?"

"வருவேன்."

கால் மெதுவாக உள்ளே போனது. மூடினேன்.

என்னுடையது மாடிப்படி ஏறுகிற உடம்பில்லை. லிஃப்ட் தொழிலுக்கு வந்ததே அதனால்தான். அன்று ஏறினேன். மேல்கதவைத் திறந்து, ஸ்டாப் ஸ்விட்சை அழுத்தி, கிரீஸில் முட்டி போட்டு, கூரையில் இருந்த எமர்ஜென்சி மூடியைத் திறந்து டார்ச்சை உள்ளே காட்டினேன். மூலையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன். என் வெயிட்டும் ஏறியாச்சு, இந்த லிஃப்ட்டுக்கு இனிதான் உண்மையான டெஸ்ட்."

அழுதுகொண்டே சிரித்தார். அப்புறம் சாமி பேச்சே வரவில்லை. பேர் புவனா, தர்மபுரி, ஐடி வேலை. மேனேஜரைத் திட்டினார். நானும் என் பங்குக்குச் சூப்பர்வைசரைத் திட்டினேன்.

மஞ்சு லீவரோடு வந்து கத்தினான்: "குரு, எறங்கு! பிரேக் விடணும்."

எனக்குக் கலக்கம். மறுபடி காலை வெளியே விட்டுவிட்டால்? "புவனா, திரும்ப மூடணும்மா."

"மூடுங்கண்ணா. நான் உக்காந்திருக்கேன்."

இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கேபினை மூன்றாவது மாடிக்கு இறக்கினோம். வெளியே வந்து என்னைக் கும்பிட்டுவிட்டு, தன் வீட்டுக்கு மாடிப்படியில் ஏறிப் போனார்.

"என்ன குரு சொன்னே அவங்ககிட்ட?" என்றான் மஞ்சு.

"பெருசா ஒண்ணுமில்ல."

"அதான் பொழைச்சாங்க."

இப்போதும் யாராவது என் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் ரெண்டே வரியில் சொல்கிறேன். வாயைத் திறக்குமுன், "அப்ப உள்ள வா" என்று அவர் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குக் கூப்பிட்டால் போவேனா என்று பார்த்துக்கொள்கிறேன். போகமாட்டேன் என்று தோன்றினால், ஊர், வேலை, பிள்ளைகள் என்று விசாரித்துவிட்டு வந்துவிடுகிறேன்.