கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள்

பிராங்பேர்ட் ரயில் நிலையக் காப்பிக் கடையில் தனியாக நிற்கிறேன். என் பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வுக்குப் பேட்டி தருவதாகச் சொன்ன ஸ்கோர் எழுதுபவர் மூன்றாவது முறையாக வரவில்லை. காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. மேசை துடைக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் என் ஸ்கோர் தாளைப் பார்க்கிறார்.

“இந்தக் கடைசிக் கட்டம் என்னத்துக்குத் தம்பி?”

“அவுட்டும் ஆகாம, கிளம்பின இடத்துக்கும் வந்து சேராம நடுவுல நின்னுட்டவங்களை எழுதறதுக்கு, அண்ணே.”

“அவையளையும் எழுதுவினமோ?”

“ஒவ்வொரு ஆட்டத்துலயும். இதை எழுதறவர் மூணாவது தடவையும் பேட்டிக்கு வரலை, நான்தான் இந்த ஆய்வையே விட்டுடலாம்னு இருக்கேன்.”

அவர் துடைப்பதை நிறுத்துகிறார். சட்டைப்பையிலிருந்து ஒரு டெலிபோன் கார்டை எடுத்துத் தாளின்மேல் வைக்கிறார்.

“விடாதேங்கோ. போன் எடுத்து அவரிட்ட இன்னொரு நாளுக்கு டெர்மின் கேளுங்கோ. சண்டையால ஊருக்கு லைன் இல்லை, இது சும்மாதான் கிடக்குது.”