தேன் கேக்கும் பின்வாங்கிய படையும்

போன வாரம் அத்திபெலேயில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்து ஐயங்கார் பேக்கரியில் தேன் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அடியில் சர்க்கரைப் பாகில் ஊறிய கேக், மேலே சிவப்பு ஜாம், அதற்கும் மேலே தேங்காய்த் துருவல். பெங்களூரில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு துண்டு வாங்கலாம் என்று பர்ஸை எடுத்தவன் மறுபடி உள்ளே வைத்துவிட்டேன். இனிப்பு ஆகாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அந்த வாசனை வந்தால் எனக்கு ஒரு போர் ஞாபகத்துக்கு வருகிறது, அவ்வளவுதான்.

என் முதல் வேலை பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில். திருப்பத்தூரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்த புதிது. ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு மென்பொருள் செய்து தரும் குழு எங்களுடையது. பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் உக்ரைனில், ஹார்கிவ் நகரத்தில். அங்கே ஒக்ஸானா என்ற பெண் நிரல் எழுதுவார். நான் அதைச் சோதித்துக் குறை சொல்வேன். வேலையைப் பற்றி அம்மாவிடம் விளக்கியபோது, "மாமியார் வேலைக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?" என்று கேட்டார். அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

குழுத் தலைவர் மூர்த்தி. தாத்தா காலத்திலேயே சேலத்துப் பக்கமிருந்து வந்து ஊன்றிய குடும்பம், அப்பா கர்நாடக அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், சந்தோஷம் வந்தால் இரண்டும் கலந்து வரும். எங்கள் வேலைகளெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பலகையில் சின்னச் சின்ன அட்டைகளாக இருக்கும். தொடங்காதவை ஒரு பத்தி, நடப்பவை நடுப் பத்தி, முடிந்தவை கடைசிப் பத்தி. ஓர் அட்டை கடைசிப் பத்திக்குப் போனதும் மூர்த்தி, "ஆய்து" என்பார். கன்னடத்தில், முடிந்தது. உடனே நாங்களும் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து வீடியோ காலில் உட்காரும்போது ஒக்ஸானாவும் அதைச் சொல்வார், அவர் நாக்கில் அது வேறு ஏதோ மொழியாகிவிடும். பெரிய வேலை முடிந்தால் தேன் கேக் வரும். நாங்கள் துண்டைக் கேமராவுக்கு நேரே காட்டி ஒக்ஸானாவை வெறுப்பேற்றுவோம்.

அப்போதுதான் ரஷ்யப் படை உள்ளே வந்தது. சில நாள் ஒக்ஸானாவைக் காணோம். பிறகு நாட்டின் மேற்கு மூலையில் யாரோ உறவினர் வீட்டிலிருந்து, மடியில் பூனையோடு வீடியோ காலில் வந்தார். அவருடைய அம்மா வரவில்லை. கிழக்கே ஒரு சின்ன ஊர். வீட்டில் மாடு இருக்கிறது, விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டாராம். அந்த ஊர் படையின் கைக்குப் போனது, போன் அறுந்தது.

மறுநாள் பலகையில் ஒரு புது அட்டை இருந்தது. 'ஒக்ஸானாவின் அம்மா', நடுப் பத்தியில். மூர்த்தி வேலை. எனக்குச் சங்கடமாக இருந்தது, இதென்ன விளையாட்டு என்று. ஆனால் அதைப் பார்த்து ஒக்ஸானா பல நாளுக்குப் பிறகு சிரித்தார். அட்டை அங்கேயே தங்கிவிட்டது.

அதிலிருந்து எங்கள் டீ நேரம் போர் நேரமாயிற்று. தலைநகரத்துக்கு வெளியே டாங்கிகளும் லாரிகளும் மைல் கணக்கில் வரிசையாக நின்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டீசல் இல்லை, சகதி வேறு.

"சில்க் போர்டு சிக்னல் டிராஃபிக்ல மாட்டிக்கினு நிக்கறான்பா. நம்மள கேட்டிருந்தா காலைல ஆறு மணிக்கே கெளம்பச் சொல்லியிருப்போம்" என்றார் மூர்த்தி.

அந்தப் படை தலைநகரத்தை விட்டுத் திரும்பியது. கடலில் அவர்களுடைய பெரிய கப்பல் மூழ்கியது. எனக்கு எல்லாம் அத்துப்படி. நீலசந்திராவில் அத்தை வீட்டுக்குப் போக இரண்டு முறை தப்பான பஸ்ஸில் ஏறியவன், எந்த ஆற்றுப் பாலம் விழுந்தால் எந்தப் படைக்குச் சோறு போகாது என்று அத்தை வீட்டில் உட்கார்ந்தே வகுப்பெடுத்தேன். மறைக்காமல் சொல்வதானால், நான் அழவில்லை, தூக்கம் கெடவில்லை. எதிர் அணிக்கு விக்கெட் விழுவதைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். அந்த ஓர் அட்டை மட்டும் இல்லாவிட்டால் எப்போதோ அலுத்துப்போயிருக்கும்.

வெயில் காலம் போய் மழைக்காலமும் முடியப்போகிற சமயம். கிழக்கே அந்தப் படை திடீரென்று சரிந்தது. டாங்கியையும் துப்பாக்கியையும் போட்டுவிட்டு ஊர் ஊராக ஓடினார்கள். வரைபடத்தில் அவர்கள் பிடித்த இடம் சிவப்பாக இருக்கும், அது தினமும் சுருங்கியது. ஒக்ஸானா அம்மாவின் ஊர் சிவப்பின் விளிம்புக்கு வந்தது. ஒரு காலையில் வெளியே வந்துவிட்டது.

"சார், ஊரு வெளிய வந்துட்ச்சு" என்றேன்.

மூர்த்தி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஓடறான் பாரு, எப்படி ஓடறான்" என்று சொல்லிக்கொண்டே அட்டையைக் கடைசிப் பத்திக்குத் தள்ளினார். "ஆய்து." அறையே திருப்பிச் சொன்னது. தேன் கேக் ஒரு முழு ட்ரே வந்தது. ஒக்ஸானாவைக் கேட்டுக்கொண்டு செய்வோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பலகையில் நகர்ந்தால் முடிந்தது என்பதுதான் எங்கள் வேதம்.

மதியம் வீடியோ கால் தொடங்கியபோது எல்லார் கையிலும் துண்டு இருந்தது, கேமராவுக்கு நேரே. ஒக்ஸானா எங்களைப் பார்த்தார். பலகையையும் பார்த்திருக்க வேண்டும்.

"நாட் ஆய்து, மூர்த்தி" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் போனில் கிடைத்திருக்கிறார். கிளம்புவதற்கு முன்னால் அந்தப் படை, இனி இங்கே குண்டு விழும் என்று சொல்லி ஊர்க்காரர்களைப் பஸ்களில் ஏற்றியிருக்கிறது. அம்மாவையும்தான். பஸ்கள் படையோடு எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. மாடு கட்டின இடத்திலேயே இருந்ததாம்.

இதை எல்லாம் அவர் வேலை நிலவரம் சொல்லும் அதே குரலில் சொன்னார். என் கட்டைவிரலில் ஜாம் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. அந்தப் படை விட்டு ஓடிய ஒவ்வோர் ஊருக்கும் நாங்கள் கை தட்டியிருந்தோம். ஓடுகிறவன் வெறுங்கையோடு ஓடுவான் என்று எப்படித்தான் நினைத்தோமோ. மூர்த்தி அட்டையை நடுப் பத்திக்கு இழுத்து வைத்தார். முடிந்த வேலையைத் திருப்பி அனுப்புவது என் தொழில், நூற்றுக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கேக் ட்ரேயை வாசல் செக்யூரிட்டிக்குக் கொடுத்துவிட்டோம்.

அதன் பிறகும் அந்தப் படை தெற்கே ஒரு நகரத்தை விட்டுப் பின்வாங்கியது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். மூர்த்தி டீயைக் கீழே வைத்தார்.

"பஸ் ஏதாவது போச்சாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

குளிர்காலத்தில் ஒக்ஸானாவுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அம்மா உயிரோடு எங்கோ தூரத்து ஊரில் இருந்தார். மாட்டுக்கு யார் தண்ணீர் வைக்கிறார்கள் என்று கேட்டாராம். இப்போதாவது அட்டையை நகர்த்தலாமா என்று கேட்டேன். "வீடு வந்து சேரட்டும்பா" என்றார் மூர்த்தி. வந்து சேர்வதற்குள் ஜெர்மன்காரர்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள்.

நாங்கள் உட்கார்ந்த தளத்தில் இப்போது ஜிம் நடக்கிறது. மூர்த்தி ஜெயநகர் வீட்டிலிருந்தே வேறு யாருக்கோ வேலை செய்கிறார். ஒக்ஸானாவின் எண்ணுக்கு நான் அனுப்பிய கடைசிச் செய்தி ஒற்றை டிக்கோடு நிற்கிறது. பலகையை அழித்துவிட்டார்கள், அந்த அட்டை நடுப் பத்தியில் இருந்தபடியே போயிற்று. போர் மட்டும் போகவில்லை. போன வாரம் அத்திபெலேயில் பஸ் வந்து, ஏறி உட்கார்ந்ததும் போனைத் திறந்தேன், எங்கேயோ ஒரு கிராமத்திலிருந்து அந்தப் படை பின்வாங்கியிருக்கிறதாம். ஒரு காலத்தில் இதற்குக் கை தட்டியிருப்பேன். செய்தியைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன், பஸ் ஏதாவது போயிற்றா என்று. அதை யாரும் எழுதியிருக்கவில்லை.