சங்கு ஊதியதும் நான் ஓடிய பக்கம்

1. வேர்க்கும் ஊரில் ஐஸ்

கேமரன் மலையில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். இடையில் ஆறு மாதம் மட்டும் கடற்கரையில் ஐஸ் செய்தேன். எங்கள் ஆலையைப் புதுப்பிக்க மூடியபோது, தெரிந்தவர் ஒருவர் பேராக் மாநிலக் கடற்கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஐஸ் பேக்டரி வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். சுவர் ஒரு முழம் கனம். கடலுக்குப் போகும் படகுகளுக்கு ஐஸ் கட்டி அங்கிருந்துதான் ஏறும்.

முதல் நாளே எனக்குத் தலை சுற்றியது. ஐஸ் செய்கிற இடத்தில் கம்ப்ரசர் குழாய் கை வைக்க முடியாமல் சுட்டது. தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருந்தது. அது உறையவே இல்லை. அதில் இறக்கிய டின்களுக்குள் இருந்த நல்ல தண்ணீர் மட்டும் பாறையாகிவிட்டது. உறைந்த கட்டியை வெளியே எடுக்க டின்னோடு மறுபடியும் சாதாரணத் தண்ணீரில் முக்கினார்கள். தேயிலையில் வாட்டு, உருட்டு, புளிக்க வை, காய வை என்று எல்லாம் வரிசையாகப் புரியும். இங்கே எது முன், எது பின் என்றே பிடிபடவில்லை.

போர்மன் அந்தோணி அண்ணன் அந்தத் துறைமுகத்திலேயே பிறந்து வளர்ந்தவர். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கேமரன்லேருந்து ஐஸ் செய்ய வந்தியா? அங்க வெளிய வெச்சாலே உறைஞ்சிடும்லா!"

"அவ்ளோ குளுரு இல்லண்ணே."

"சரி, ஒண்ணு மட்டும் கேட்டுக்க செல்வம். சங்கு ஊதுனா கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு ஓடு."

தலையாட்டினேன். தோட்டத்துக்காரனுக்கே சங்கைப் பற்றிப் பாடமா என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு. எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்கவே தோன்றவில்லை.

2. பெரட்டு

தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சங்கு என்றால் பெரட்டு. காலையில் சங்கு ஊதியதும் ஆலை வாசலுக்கு ஓடி வரிசையில் நிற்போம். கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார், "இருக்கேன் ஐயா" என்போம். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. சங்கு கேட்டால் என் கால் தானாக ஆலை வாசலுக்குப் போய்விடும்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் தொட்டி அறையில் டின் தூக்கிக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. கொக்கியை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கத்து வாசலுக்கு ஓடி, விறைப்பாக நின்றேன். மற்றவர்கள் எல்லாரும் கடல் பக்கத்துக் கதவு வழியாகப் படகு கட்டும் ஜெட்டிக்கு ஓடினார்கள். ஒழுங்காக வரிசையில் நிற்கக்கூடத் தெரியாத ஆட்கள் என்று நினைத்தேன், சத்தியமாக.

யாரும் வரவில்லை. நான்தான் முதல் ஆள் போல என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். ஐஸ் உறையவைக்கக் குழாய்களில் ஓடும் அமோனியாவின் வாடை தினமும் அடிக்கும்; அன்று கூடுதலாக இருந்தது. பிறகு கதவிடுக்கில் வெள்ளைப் புகை வந்தது. கடல் காற்று அதை என் பக்கமே தள்ளியது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. அப்போதுகூட வரிசையை விட்டுப் போகலாமா கூடாதா என்று குழம்பினேன். வரிசையில் நான் ஒருவன்தான் இருந்தேன்! கடைசியில் இருமிக்கொண்டே ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

திரும்பிப் பார்த்தால், அதே வாசல் வழியாக அந்தோணி அண்ணன் தடுமாறி வெளியே வந்தார். மூக்கில் ஈரத் துணி. கண் இரண்டையும் திறக்க முடியவில்லை.

"செல்வம்! டேய் செல்வம்!"

"இங்க இருக்கேண்ணே!"

"எங்கடா போன? ஜெட்டில ஆள் எண்ணுனேன். உன் பேர மூணு தடவ கூப்ட்டேன், பதிலே இல்ல. உள்ள விழுந்து கெடக்கிறியோன்னு தேடிட்டு வரேன்டா."

பெரட்டு நடந்துதான் இருக்கிறது. என் பெயரும் கூப்பிடப்பட்டிருக்கிறது. நான்தான் வேறு இடத்தில் நின்றிருக்கிறேன்.

3. இடது கண்

அமோனியாக் குழாய் மூட்டு ஒன்று விட்டுப்போய் வாயு கசிந்திருந்தது; அந்த ஆபத்துக்குத்தான் சங்கு ஊதியிருக்கிறது. வால்வை அடைத்து மூட்டைச் சரிசெய்ததும், இரண்டு நாளில் வேலை மறுபடி ஓடியது. அண்ணனுக்கு வலது கண் தேறியது. இடது கண்ணில் பார்வை போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று அழுதேன்.

"மூணு வாரம் பழகுன ஆளுக்காக ஏண்ணே உள்ள போனீங்க?"

"கூப்ட்டேன், நீ பதில் சொல்லல. வேற என்ன செய்யறது?"

அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கும் எனக்கு அது முழுசாகப் புரியவில்லை. என் இடத்தில் அவர் இருந்திருந்தால் நான் உள்ளே போயிருப்பேனா? தெரியாது.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய இடத்தில் தெரிந்ததை வைத்துக்கொண்டு புது இடத்தில் தலையாட்டாதீர்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும், அங்கே ஆள் எண்ணிப் பெயர் கூப்பிடுகிறவர் யார் என்று முதல் நாளே கேளுங்கள். வெட்கமாக இருந்தாலும் அந்த வழியில் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள்.

அந்த ஐஸ் பேக்டரி இப்போது ஓடவில்லை. பழைய கட்டடம் என்று ஆட்கள் வந்து படம் பிடித்துப் போகிறார்கள். போன மாதம் அந்தோணி அண்ணன் மலைக்கு வந்திருந்தார். எங்கள் ஆலையைச் சுற்றிக் காட்டினேன். கொழுந்து வாட்டும் மாடியில் நின்றபோது மத்தியானச் சங்கு ஊதியது. சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இது சாப்பாட்டுச் சங்கு. ஒண்ணும் இல்ல."

"தெரியும்டா," என்றார். சங்கு நிற்கும்வரை கையை விடவில்லை.