கல்மரப் பூங்காவுக்கு எடுத்துப்போன கல்

தங்கையின் நிலத்தில் கிணறு வெட்டுகிற வேலை பாதியில் நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. நிலம் கல்வராயன் மலையடிவாரத்தில், வெள்ளிமலை பஸ் வளைந்து ஏறத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால். மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம். பழைய கிணற்றில் குடம் முழுகத் தண்ணீர் இல்லை. பக்கத்தில் புதுக் கிணறு தோண்ட வந்த பொக்லைன் டிரைவர், மண்ணுக்குள் படுத்துக்கிடந்த ஒரு நீளக் கல்லைக் கண்டதும் எந்திரத்தை அணைத்துவிட்டார். அடிமரம்போல உருண்டை. உடைந்த முனையில் வரிவரியாகக் கோடு.

"இது கல்மரம்க்கா. எரிமல வெடிச்சி, சாம்பல் மூடி, காடே கல்லாயிடும். போன்ல பாத்திருக்கேன். ஒடச்சா கேஸ் ஆவும், நெலத்தையே எடுத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

தாலுகா ஆபீசில் கேட்டுவிடலாமே என்றேன்.

"கேட்டா, கேட்டதே ஒரு ஃபைல் ஆயிடும்ண்ணா. நெசமான கல்மரம் எங்கியோ இருக்குதாமே, அத மொதல்ல காட்டு."

அப்படித்தான் இருவரும் கள்ளக்குறிச்சியில் விடிகாலை பஸ் பிடித்து, விழுப்புரத்தில் மாறி, திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் கையில் ஒரு ஒயர் கூடை. புளிசோறு என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பி வேலிக்குள் செம்மண் மேடு. அதில் மரங்கள் நேற்று வெட்டிச் சாய்த்தவைபோலக் கிடந்தன. லாரி வந்தால் ஏற்றிவிடலாம் என்று தோன்றும். தொட்டால்தான் கல். வெயில் ஏறிய கல். கோடி வருஷங்களுக்கு முன்னால் இதில் ஒரு இலை அசைந்திருக்கும், அந்த அசைவு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யோசித்தபடி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருந்தேன். தங்கை நடக்கவில்லை. ஒரே மரத்தின் முனையில் குந்தி உட்கார்ந்து, மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தாள்.

"இதுலயும் கோடு இருக்குதுண்ணா" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"இருந்தா நல்லதுதானே பாப்பா. நம்ம நிலத்துல ஒரு காடே..."

"உனக்கு நல்லது. நாலு பக்கம் எழுதிக்குவ. எனக்குச் சோளம் காயுது."

அது மரமாக இருக்கவேண்டும் என்றுதான் உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வரும்போது காவலாளி கூடையைத் திறக்கச் சொன்னார். டிபன் டப்பாவுக்கு அடியில், துண்டில் சுற்றிய ஒரு கறுப்புக் கல்.

"இன்னாம்மா இது?"

"எங்க கல்லுங்க."

"எல்லாரும் அதாம்மா சொல்றாங்க."

"நெசமாங்க. எங்க நெலத்துல ஒடஞ்ச சில்லு. ஒத்துப் பாக்கலாம்னு எடுத்தாந்தேன்."

சொன்ன பிறகுதான், யாருக்குத் தெரியக் கூடாது என்றிருந்தாளோ அவர்களிடமே சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கிணற்றுக் கதையை முழுக்கச் சொன்னேன்.

காவலாளி பாட்டில் தண்ணீரைக் கல்மேல் ஊற்றி வெயிலில் திருப்பினார். பக்கத்தில் கிடந்த மரத்தின் முனையிலும் கொஞ்சம் ஊற்றினார். "பாருங்க. இதுல கோடு நடுவ சுத்தி வளையமா போவுது. ஒங்களுது நேரா ஓடுது. இது மரமே இல்ல."

"எரிமலன்னு டிரைவர் சொன்னாருங்களே?"

"இங்க எரிமல ஏதும்மா? வெள்ளத்துல அடிச்சினு வந்து மண்ணுல பொதஞ்ச மரம் இதெல்லாம். அதான் வேரும் இல்ல, கெளயும் இல்ல. நெருப்புன்னு பாத்தா ஒங்க கல்லுதான். பூமிக்குள்ள உருகி வந்த கருங்கல்லு. காலேஜ்காரங்க சொல்லிச் சொல்லி எனக்கே பாடம் ஆயிடிச்சி."

"அப்போ ஒடைக்கலாமாங்க?"

"ஒங்க வூட்டு அம்மிய ஒடைக்கணும்னா என்ன வந்து கேப்பீங்களா?"

தங்கை அங்கேயே நின்று டிரைவருக்குப் போன் போட்டாள். "காத்தால வந்துடுப்பா. மரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல." போனை இடுப்பில் செருகிய கையோடு, இனி எதற்கு என்று கல்லை வேலிப்பக்கம் வீசப் போனாள். காவலாளி பாய்ந்து வந்து தடுத்தார்.

"ஐயையோ, இங்க போடாதம்மா! அப்பறம் எவனாவது அத எடுத்து வச்சி ஆராய்ச்சி பண்ணுவான்."

மறுபடி துண்டில் சுற்றினாள்.

திரும்பும்போது கூடை என் மடியில் இருந்தது. தனக்குக் கை வலிக்கிறதாம். உளுந்தூர்ப்பேட்டை வருவதற்குள் தூங்கிவிட்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் கல் காலி டிபன் டப்பாவில் இடித்தது. தியாகதுருகம் கோட்டைக் குன்று தெரிந்ததும் கண் விழித்தாள்.

"டிரைவர் வந்துடுவான் இல்ல?"

"வந்துடுவார்" என்றேன்.