பொறவு அந்த ராசா என்ன ஆனாரு?

பிரியமானவர்களே, எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் கிடையாது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லித்தான் பழக்கம். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். நடுவில் அழுதுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன லெந்து நோன்பு நாட்களில் என் கணவருக்கு வயிற்றுவலி வந்தது. அவர் பெயர் தங்கதுரை. சேரன்மகாதேவியில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்தார். ஓமத் தண்ணீர் குடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், "சும்மா கெடட்டி" என்பார். வியாழக்கிழமை காலையில் வாந்தி எடுத்து அப்படியே சுருண்டு விழுந்துவிட்டார். வயிற்றைத் தொட்டால் பலகை மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ஓடினோம்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"குடல்ல ஓட்டை விழுந்திருக்கும்மா. உள்ள பூரா சீழ் பரவிட்டு. உடனே ஆபரேஷன் செய்யணும். சுகர் வேற கூடுதலா இருக்கு, அதனால பிழைப்பாருன்னு உறுதி சொல்ல முடியாது. செய்யலைன்னா பிழைக்கவே மாட்டாரு."

ஒரு தாளைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு நர்சிடம் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பேனா ஓடவில்லை. என் அப்பாவுக்கும் இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அப்பா பேசிக்கொண்டே தியேட்டருக்குள் போனார். துணி மூடித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அந்தப் பயம் என்னை விட்டுப் போனதே இல்லை.

நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆண்டவருடைய சித்தம் தெரிய வேண்டுமென்றால் கண்ணை மூடி ஜெபம் செய்து, வேதத்தைத் திறந்து விரலை வைப்போம். விரல் விழுகிற வசனம்தான் பதில். மகளை நர்சிங் சேர்த்ததும் அப்படித்தான், வீடு மாறியதும் அப்படித்தான். ஒருநாளும் எனக்குக் கெட்ட வசனம் வந்தது கிடையாது. அந்தத் தைரியத்தில் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, "ஆண்டவரே, போடவா வேண்டாமா?" என்று கேட்டு விரலை வைத்தேன்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். வியாதியாய்க் கிடக்கிற ஒரு ராஜாவிடம் தீர்க்கதரிசி வந்து, வீட்டு விவகாரங்களை முடித்து வைத்துக்கொள்ளும், இனி உமக்கு ஆயுசு இல்லை என்று சொல்கிற இடம்.

ஐயோ, எனக்கு அந்த நிமிஷமே உயிர் போய்விட்டது! படக்கென்று மூடி, வேதப்புத்தக உறையின் ஜிப்பை இழுத்தேன். ஆண்டவரே சொல்லிவிட்டார், இனி யாரிடம் போய் முறையிட? கையெழுத்துப் போட்டால் தியேட்டரில் போவார், போடாவிட்டால் கட்டிலில் போவார். போடாமல் இருந்தால் என் கையால் போகவில்லை என்றாவது இருக்கும். அப்படியெல்லாம் நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நர்ஸ் வந்து தாளைக் கேட்டாள். "மக சென்னையிலேருந்து வந்துட்டு இருக்கா, வரட்டும்" என்றேன். சுத்தப் பொய். மகளுக்கு நான் போன்கூடப் போடவில்லை. டாக்டர் வந்து சத்தம் போட்டார். அப்போதும் கையெழுத்துப் போடவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது. என் கணவருக்குக் காய்ச்சல் கூடி, உதடு காய்ந்து, மூச்சு வாங்கியது.

"ஏட்டி, வலி தாங்கல. என்னை ஏன் இன்னும் கொண்டு போவல?"

"டாக்டர் வரணும்" என்றேன். சாகக் கிடக்கிற மனுஷனிடமும் பொய்.

பக்கத்துக் கட்டிலில் முக்கூடல்காரர் ஒருவர் கிடந்தார். வாழைத்தார் ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து, முந்தின நாள்தான் வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவர் மனைவி முத்துப்பேச்சி, வயல் வேலைக்குப் போகிறவள். நான் கட்டில் காலைப் பிடித்து அழுவதைப் பார்த்துவிட்டு, என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னத்துக்கு இப்படி அழுவுதிய? சொல்லுங்கக்கா."

யாரிடமும் சொல்லாததை அவளிடம் கொட்டிவிட்டேன். விரல் வைத்தது, வசனம் விழுந்தது, ராஜாவுக்குச் சாவு சொன்னது எல்லாம். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"பொறவு அந்த ராசா என்ன ஆனாரு? செத்துட்டாரா?"

கதை தெரியாத பிள்ளை கேட்பது போலத்தான் கேட்டாள். நானும் பழக்கதோஷத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "இல்ல, அந்த ராஜா சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாரு. ஆண்டவர் மனசு இரங்கி, தீர்க்கதரிசியத் திருப்பி அனுப்பி, ஆயுசைக் கூட்டிக் கொடுத்தாரு."

"சும்மா சொன்ன உடனே சீக்கு போயிட்டாக்கும்? மருந்து ஒண்ணும் போடலியா?"

"போட்டாங்க. கட்டி மேல அத்திப்பழத்த அடையாக் கட்டச் சொல்லி..."

எத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த கதை! பயத்தில் ஒரு வரியோடு மூடிவிட்டேனே!

"அப்போ உங்க சாமியே வைத்தியம் பாக்கத்தான சொல்லியிருக்காரு. நீங்க என்னக்கா கையெழுத்துப் போடாம உக்காந்திருக்கிய? எந்திரிங்க!"

ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டு நர்சிடம் தாளைக் கொடுத்தேன். செருப்பு எங்கே கழன்றது என்றுகூடத் தெரியாது.

தியேட்டர் கதவு மூடியதும் பயம் முன்னைவிடக் கூடிவிட்டது. இந்தத் தடவை நான் வேதத்தைத் திறந்து விரல் வைக்கவில்லை. "ஆண்டவரே, நான் தாமதித்ததை அவர் தலையில் வைக்காதேயும். உமக்குக் காட்ட என்னிடம் ஒரு நன்மையும் இல்லை. இரக்கம் செய்யும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். முத்துப்பேச்சி தன் புருஷனைப் போய்ப் பார்ப்பதும் என் பக்கத்தில் வந்து உட்காருவதுமாக இருந்தாள்.

வெளியே வந்த டாக்டர், "இன்னும் கொஞ்சம் போயிருந்தா எங்க கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார். அதற்குப் பிறகும் என் கணவர் ஐசியூவில் குழாயும் கருவியுமாகக் கிடந்தார். நர்ஸ் வாசலில் வந்து தங்கதுரை என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே, என்ன சொல்லப் போகிறாளோ என்று எழுந்து ஓடுவேன். திங்கட்கிழமை உள்ளே விட்டார்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, பட்டறைய யாரு பூட்டுனா?"

ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்! அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். தேறின பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். "அடிப்பாவி, மிச்சத்தையும் வாசிச்சிருக்கலாம்லா!" என்று தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் முத்துப்பேச்சியின் புருஷன் அந்த வாரமே இறந்துபோனார்.

ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அவள் ஒரு நொடிகூடத் தயங்காமல் கையெழுத்துப் போட்டவள். நான் பொய் சொல்லிக் காலம் கடத்தியவள். சபையில் ஒரு அம்மா, "உங்க விசுவாசம் பெரிசு" என்றார்கள். "என்ன விசுவாசத்தைக் கண்டிய?" என்று கேட்டுவிட்டேன். என்னிடம் இருந்தது பயம் மட்டும்தான்.

என் கணவர் நடக்க ஆரம்பித்ததும் நாங்கள் இரண்டு பேரும் முக்கூடலுக்குப் போனோம். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பஸ்ஸில் எனக்கு அதே யோசனைதான். புருஷனோடு போய் நிற்கிறோமே, அவளுக்கு வயிறு எரியாதா? தெருவில் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"யாத்தே, அண்ணாச்சி நடந்து வாராவளே!"

அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தாலி இல்லாத கழுத்தோடு என் தாலிக்காகச் சந்தோஷப்பட்டாள். கிருபை கிருபை என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன என்று அந்தத் தெருவில்தான் எனக்கு விளங்கியது. அது நான் சம்பாதித்தது இல்லை. ஆண்டவர் கொடுத்தது, அதையும் அவள் கையில் கொடுத்தனுப்பினார்.

இப்போது மாதம் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போகிறேன். அவளுக்காக ஜெபிக்காமல் நான் படுப்பது இல்லை. விரல் வைத்துப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். அதிகாரம் முடியும் வரை வாசிக்கிறேன்.

பயம் இன்னும் எனக்கு உண்டு. இங்கே பயத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயம் தெளிந்த பிறகு ஆண்டவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுங்குகிற கையோடு போங்கள். நான் பொய்யும் பயமுமாகத்தான் போனேன், அவர் என்னைத் தள்ளவில்லை.