கல் விழும் தூரம்

காஞ்சிபுரத்தில் பழைய கேமரா விற்கும் கடையில் அவரைப் பார்த்தேன். புருவத்தில் தையல். முன்பற்கள் இரண்டு இல்லை. அந்த இடைவெளியை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தார். ஓரிக்கைப் பக்கம் பாலாற்றில் திருட்டு மணல் அள்ளும் லாரிகளைப் போனில் படம் எடுத்திருக்கிறார். மணல் அள்ளுகிறவர்கள் கல்லால் அடித்தே சாய்த்துவிட்டார்கள்.

"கேமரா இருக்கு. கம்மி விலையில ஜூம் லென்ஸ் காட்டுபா. எட்ட நின்னு எடுக்கணும்."

"எவ்ளோ எட்ட?" என்றார் கடைக்காரர்.

அவர் வெளியே போனார். ஒரு கல்லை உள்ளங்கையில் எடை பார்த்து, பக்கத்துக் காலி மனைக்குள் வீசினார். அது விழுந்த இடத்தில் போய் நின்று கத்தினார்: "என் மூஞ்சி தெரியுதா பாரு!"

கடைக்காரர் நீட்டிய இருநூற்றைம்பது எம்.எம். லென்ஸை என் கேமராவில் மாட்டி நான் பார்த்தேன். தையல்கூடத் தெரிந்தது. சொன்னேன்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவர் தலையை ஆட்டினார். "பத்தாதுபா. நான் சும்மா எறிஞ்சேன். அவனுங்க கொல்றதுக்கு எறிவானுங்க."

கொக்குகளைப் படம் எடுக்க நான் விலை பேசி முடித்திருந்த பழைய முந்நூறு எம்.எம். லென்ஸை அவர் பக்கம் தள்ளினேன். அவர் நன்றி சொல்லவில்லை. கல்லைப் பார்த்தது போலவே அதையும் உள்ளங்கையில் எடை பார்த்தார்.